காயமே இல்லாத வலி

பள்ளியில் விளையாட்டுப் பீரியட் என்றாலே ஃபாப்ரி நோய் உள்ள பையனுக்கு வயிற்றைக் கலக்கும். ஓடச் சொன்னால் ஓடுவான். இரண்டு சுற்று முடிவதற்குள் உள்ளங்காலும் உள்ளங்கையும் காந்தத் தொடங்கும். கூட ஓடிய பிள்ளைகள் சட்டை நனைய வியர்த்து நிற்கும்போது இவன் தோல் மட்டும் உலர்ந்து கொதிக்கும். அவனுக்கு வியர்வை சரியாகச் சுரப்பதில்லை. அன்று இரவு காய்ச்சல் அடிக்கலாம். விரல் நுனியில் பிடித்த எரிச்சல் கை, கால் முழுக்க ஏறி, சில சமயம் நாள் கணக்கில் இறங்காமல் நிற்கும். அம்மா பாதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். முள் இல்லை, வீக்கம் இல்லை, சிவப்புகூட இல்லை. "வளர்ற வயசு, கால் வலிக்கத்தான் செய்யும்" என்பார் டாக்டர். பி.டி. வாத்தியார் அந்த அளவுக்குக்கூட யோசிக்க மாட்டார். பையன் டிமிக்கி கொடுக்கிறான், அவ்வளவுதான்.

குறிப்பிட்ட ஒரு பையனின் கதை இல்லை இது. மருத்துவ இதழ்களில் பல பத்தாண்டுகளாக ஏறக்குறைய இதே வரிசையில் பதிவாகிவருவது. 366 நோயாளிகளை வைத்து ஐரோப்பாவில் செய்த ஆய்வொன்று 2004இல் வெளிவந்தது. முதல் அறிகுறி தென்பட்டதிலிருந்து நோய்க்குச் சரியான பெயர் கிடைக்க ஆண்களுக்குச் சராசரியாக 13.7 ஆண்டுகள், பெண்களுக்கு 16.3 ஆண்டுகள் ஆகியிருந்தன. ஒன்பது வயதில் "எரியுது" என்று சொல்ல ஆரம்பித்தவர் கல்லூரி முடித்து வேலைக்குப் போன பிறகுதான் அந்த எரிச்சல் என்னவென்று கேள்விப்படுகிறார்.

நோயின் அடிப்படை எளிமையானது. நம் செல்களுக்குள் லைசோசோம் என்ற சின்னஞ்சிறு பைகள் இருக்கின்றன. தேவையில்லாத பொருள்களை உடைத்துப் போடுவது அவற்றின் வேலை. ஆல்ஃபா கேலக்டோசிடேஸ் ஏ என்ற நொதி அங்கே ஒரு வகைக் கொழுப்பைச் சிதைக்கிறது. எக்ஸ் குரோமோசோமில் உள்ள ஒரு மரபணு பழுதானால் அந்த நொதி உருவாகாது, அல்லது போதுமான அளவு உருவாகாது. கொழுப்பு தேங்கும். தாயின் கருப்பையில் இருக்கும்போதே தேங்கத் தொடங்கி ரத்தக் குழாய்ச் சுவர், சிறுநீரகம், இதயம், நரம்பு என்று எல்லா இடத்திலும் படியும். முதுகெலும்பை ஒட்டி, கைகால்களிலிருந்து வரும் உணர்ச்சி நரம்புகளின் செல்கள் கூடியிருக்கும் முடிச்சுகள் உண்டு. மூளைக்கு இருப்பதுபோல ரத்தத்திலிருந்து காக்கும் அரண் அவற்றுக்கு இல்லாததால் கொழுப்பு அங்கே தாராளமாகக் குடியேறுகிறது. அந்தச் செல்கள் கெட்டால் அவற்றிலிருந்து கிளம்பி விரல் நுனிவரை நீளும் இழைகள் கெடும். சூடு, குளிர், வலி ஆகியவற்றைச் சுமக்கும் மிக மெல்லிய இழைகள்தான் முதலில் பாதிக்கப்படுகின்றன.

இங்கேதான் நோயாளியின் துரதிர்ஷ்டம் ஆரம்பிக்கிறது. நரம்பியல் மருத்துவர் சந்தேகப்பட்டு நரம்புக் கடத்தல் சோதனைக்கு அனுப்புவார். மின்முனைகளை ஒட்டிச் சுள்ளென்று மின்சாரம் பாய்ச்சும் அந்தச் சோதனை தடித்த நரம்பிழைகளின் வேகத்தைத்தான் அளக்கும். மெல்லிய இழைகள் அதன் கணக்கிலேயே வராது. 'நார்மல்' என்று ரிப்போர்ட் வரும். பையன் பொய் சொல்கிறான் என்பதற்கு இப்போது ஒரு காகிதச் சான்றும் சேர்ந்துவிட்டது. கணுக்காலுக்கு மேலே மூன்று மில்லிமீட்டர் அளவுக்குத் தோலைக் குத்தி எடுத்து, சாயமேற்றி, மேல்தோலுக்குள் எத்தனை நரம்பு நுனிகள் மிஞ்சியிருக்கின்றன என்று எண்ணினால்தான் உண்மை வெளியே வரும். கண் மருத்துவரிடம் போனாலும் போதும்: கருவிழிப் படலத்தில் சுழல் சுழலாக ஒரு கோலம் தெரியும். அது பார்வையைக் கெடுப்பதில்லை. வலிக்கிற இடத்தில் ஒன்றும் தெரியாது, தெரிகிற இடத்தில் வலி இல்லை.

அடுத்தவர் வலி நமக்கு எப்படித் தெரியும் என்பது இந்திய தத்துவத்துக்குப் புதிய கேள்வி இல்லை. நியாய தரிசனத்தில் துக்கம் ஆத்மாவின் குணங்களுள் ஒன்று. அதை நேராக அறிவது அந்த ஆத்மாவோடு சேர்ந்த மனம் மட்டுமே. மற்றவர்களுக்கு அது பிரத்யட்சம் ஆகாது, அனுமானத்தால்தான் கிடைக்கும். மலையில் புகையைக் கண்டு அங்கே நெருப்பு உண்டென்று சொல்வது அந்த மரபு சலிக்காமல் சொல்லும் உதாரணம். ரத்தம், வீக்கம், காயம் இவையெல்லாம் பிறர் வலிக்கு நாம் தேடும் புகை. ஃபாப்ரி வலியில் நெருப்பு எரிகிறது, புகை கிளம்புவதில்லை.

அனுமானம் கைவிட்ட இடத்தில் நையாயிகர்களிடம் இன்னொரு பிரமாணம் இருக்கிறது: சப்தம், அதாவது ஆப்தரின் சொல். யார் ஆப்தர்? நியாய சூத்திரத்துக்கு உரை எழுதிய வாத்ஸ்யாயனர் இதற்குத் தரும் விளக்கம் வியப்பானது. ஒரு பொருளை நேரில் அறிந்தவர், அறிந்ததை அறிந்தபடியே சொல்ல விரும்புபவர், அவ்வளவுதான் தகுதி. ரிஷிக்கும் ஆரியருக்கும் மிலேச்சருக்கும் இந்த இலக்கணம் பொது என்கிறார். வேதத்தின் அதிகாரத்தை நிலைநாட்டப் புறப்பட்ட ஒரு மரபு, போகிற போக்கில் இவ்வளவு அகலமாகக் கதவைத் திறந்து வைத்தது. குழந்தையை அவர் அந்தப் பட்டியலில் சேர்க்கவில்லை; ஆனால் அவர் தரும் தகுதியை வைத்துப் பார்த்தால், தன் உள்ளங்காலைப் பற்றி ஒன்பது வயதுப் பையனைவிடப் பெரிய ஆப்தர் உலகத்தில் கிடையாது. நேரில் அறிந்தவன் அவன் ஒருவனே. பெரியவர்கள் சந்தேகிப்பது இரண்டாவது தகுதியைத்தான், உண்மையைச் சொல்ல விரும்புகிறானா என்பதை. பிள்ளைகள் விளையாட்டுப் பீரியடுக்குப் பொய் சொல்வதுண்டு, மறுக்க முடியாது. ஆனால் வெயிலில் நின்றால் கூடும், காய்ச்சல் வந்தால் கூடும், ஓடினால் கூடும் என்று ஆண்டுக்கணக்கில் ஒரே ஒழுங்கில் திரும்பி வரும் பொய்யை எந்தப் பிள்ளையால் கட்டிக் காப்பாற்ற முடியும்? அந்த ஒழுங்கைக் கவனிக்கக் கேட்பவருக்குக் கொஞ்சம் பொறுமை வேண்டியிருக்கிறது.

டாக்டர்கள் எல்லாரும் அசட்டையாக இருந்தார்கள் என்று சொல்லிவிட முடியாது. 1898இல் டார்ட்மண்ட் நகரத் தோல் மருத்துவர் யோஹானஸ் ஃபாப்ரி 13 வயதுச் சிறுவன் ஒருவனின் உடம்பில் கருஞ்சிவப்புப் புள்ளிகளைப் பார்த்து எழுதினார். அதே ஆண்டு லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் வில்லியம் ஆண்டர்சன் என்ற அறுவை மருத்துவர் 39 வயதுக்காரர் ஒருவரிடம் அதே புள்ளிகளைக் கண்டார். (ஜப்பானில் மருத்துவம் கற்பித்து, ஜப்பானிய ஓவியங்களைக் கட்டுக் கட்டாகச் சேர்த்து வந்தவர் இவர், உற்றுப் பார்க்கப் பழகிய கண்.) சிறுநீரில் புரதம் போவதையும் அவர் குறித்துக்கொண்டு, இது தோலோடு நிற்கும் சமாச்சாரம் இல்லை என்று ஊகித்தார். ஒருவரையொருவர் அறியாமலே இருவரும் கண்ணுக்குத் தெரிந்ததிலிருந்து தொடங்கினார்கள். தேங்குவது எந்தக் கொழுப்பு என்பது 1963இலும், குறையும் நொதி எது என்பது 1967இலும் தெரியவந்தது.

பெண்கள் விஷயத்தில் கேட்பதற்கே ஆளில்லை. கோளாறு எக்ஸ் குரோமோசோமில்; பெண்ணிடம் இரண்டு எக்ஸ்; ஒன்று பழுதானாலும் இன்னொன்று காப்பாற்றிவிடும். ஆகவே பெண்கள் நோயைக் கடத்துபவர்களே தவிர நோயாளிகள் இல்லை என்று பாடப்புத்தகம் சொன்னது. ஒவ்வொரு செல்லிலும் இரண்டில் ஒரு எக்ஸ் முடங்கிவிடுகிறது என்பதும், எந்தச் செல்லில் எது முடங்கும் என்பது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது என்பதும் 1960களிலேயே தெரியும். இருந்தும் "எனக்கும் கை எரியுது" என்று மகனைக் கூட்டி வந்த தாய் சொன்னபோது, மகனின் நோயைப் பார்த்து வந்த கவலை என்று எழுதிவைத்தார்கள். பிரிட்டனில் 60 பெண்களிடம் முறையாகக் கேட்டு 2001இல் வெளியிட்டபோது அவர்களில் சுமார் 70 சதவீதம் பேருக்கு நரம்பு வலி இருந்தது. அந்த ஆய்வுக்குப் புதிய கருவி எதுவும் தேவைப்படவில்லை. கேட்டார்கள், சொன்னார்கள்.

வலி உண்மைதான் என்று ஒப்புக்கொண்டவர்கள் செய்யும் அநியாயம் வேறு வகை. அவர்கள் காரணம் தேடுவார்கள். போன ஜென்மத்துப் பாவம், முன்னோர் சாபம், தாய் மசக்கையில் செய்த தப்பு. இந்தப் பேச்சில் ஒரு விஷயம் சத்தமில்லாமல் நடந்துவிடுகிறது: சாட்சிக் கூண்டில் நின்றவரைக் குற்றவாளிக் கூண்டுக்கு மாற்றிவிடுகிறார்கள். அதன் பிறகு அவர் எதைச் சொன்னாலும் அது வாக்குமூலம்தான்.

தமிழில் இதைத் தன் உடம்பிலேயே நடத்திக் காட்டியவர் அப்பர் என்ற திருநாவுக்கரசர். சமண மடத்தில் தருமசேனராக இருந்தபோது சூலை நோய் வயிற்றைப் பிடித்தது. மடத்துத் துறவிகள் மந்திரம் ஓதினார்கள், மயிற்பீலியால் தடவினார்கள், வலி கூடியது. இரவோடு இரவாகத் திருவதிகைக்கு வந்து தமக்கை திலகவதியாரின் காலில் விழுந்தார். பெரிய புராணத்தின்படி அந்த வலி தண்டனைகூட இல்லை, தமக்கையின் வேண்டுதலுக்கு இரங்கி இறைவன் அனுப்பிய அழைப்பு. ஆனால் அவ்வூர் வீரட்டானக் கோயிலில் நின்று பாடுகிறவருக்கு அந்தத் திட்டம் தெரியாது. முதல் பதிகத்தில் அவர் படும் தவிப்பு, தான் செய்ததாக அறியாத கொடுமைகளுக்குத் தான் பொறுப்பேற்க வேண்டியிருக்கிறதே என்பதுதான். வலி முன்னால் வருகிறது. அதற்குப் பொருத்தமான குற்றத்தை மனிதன் பின்னால் தேடிக்கொண்டு போகிறான். அப்பருக்கு வலி தீர்ந்தது, அதனால் கதைக்கு அர்த்தம் கிடைத்தது. தீராதவர்களின் கதையைப் புராணம் எழுதவில்லை.

வினை என்ற சொல்லோடு பிறந்த மதங்களுக்குள்ளேயே இதற்கு எதிர்ப்பு உண்டு. பௌத்த நூலான சம்யுத்த நிகாயத்தில் ராஜகிருகத்து மூங்கில் வனத்தில் மோளிய சீவகன் என்ற பரிவிராஜகன் புத்தரிடம் வருகிறான். மனிதன் அனுபவிக்கும் இன்பமும் துன்பமும் எல்லாமே முன்வினைதான் என்று சிலர் சொல்கிறார்களே, தாங்கள் என்ன சொல்கிறீர்கள் என்று கேட்கிறான். புத்தர் எட்டுக் காரணங்களை அடுக்குகிறார்: பித்தம், கபம், வாதம், மூன்றும் சேர்ந்த கோளாறு, பருவ மாற்றம், கவனக்குறைவான நடத்தை, வெளியிலிருந்து வரும் தாக்குதல், எட்டாவதாகத்தான் வினைப்பயன். எல்லாவற்றையும் வினைமேல் போடுகிறவர்கள், தங்களுக்கே தெரிந்ததையும் உலகம் உண்மையென்று ஏற்றதையும் தாண்டிப் போகிறார்கள் என்று முடிக்கிறார். கர்மக் கோட்பாட்டின் நடுவில் நின்றுகொண்டு கர்மத்துக்கு எல்லை கட்டிய பேச்சு இது. இன்று பௌத்த ஊர்களிலேயே இதை நினைப்பூட்ட வேண்டியிருக்கும்.

யோவான் சுவிசேஷத்தில் பிறவிக் குருடர் ஒருவரைக் கண்ட சீடர்கள், பாவம் செய்தது இவரா இவரைப் பெற்றவர்களா என்று கேட்கிறார்கள். இருவரும் இல்லை என்கிறார் இயேசு. அந்த மறுப்பில் இருக்கும் விடுதலை பெரிது. உடனே அவர் தரும் விளக்கம், கடவுளின் செயல் இவரிடம் வெளிப்படவே இப்படி ஆயிற்று என்பது, அந்த விடுதலையில் பாதியைத் திரும்ப வாங்கிக்கொள்கிறது. ஒருவர் குருடாகப் பிறந்ததற்கு ஒரு நோக்கம் இருந்தே ஆக வேண்டும் என்ற பிடிவாதம் அங்கேயும் விடவில்லை.

நம் வைத்திய நூல்கள் இந்த இடத்தில் நிதானமானவை. சுசுருதர் நோய்களை வகைப்படுத்தும்போது, தாய் தந்தையின் வித்திலிருந்தே வருபவற்றுக்கு ஆதிபலப் பிரவிருத்தம் என்று தனிப் பெயர் தந்து, தாய்வழி, தந்தைவழி என இரண்டாகவும் பிரித்தார். தெய்வத்தால் வருபவற்றுக்கு வேறு ஒரு பெட்டி. பரம்பரை நோயைத் தெய்வக் கோபத்தோடு குழப்பாமல் வைத்திருந்தார்கள்.

தண்டனை என்ற விளக்கத்தைவிட நாகரிகமானது, வலி ஒரு வரம் என்ற விளக்கம். அதைச் சொன்னவர் லேசுப்பட்டவர் இல்லை. 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் மடங்கிப்போன விரல்களை அறுவை செய்து நிமிர்த்தியவர். விரல்கள் தாமாக அழுகி விழுவதில்லை, வலி தெரியாததால் சுட்டுக்கொண்டும் வெட்டுப்பட்டும் தேய்கின்றன என்று நிறுவியது அவருடைய பெரிய பங்களிப்பு. பின்னாளில் அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனையில் செயற்கை வலி ஒன்றை உருவாக்க முயன்றார். கையுறையிலும் காலுறையிலும் உணரிகள், அழுத்தம் மிஞ்சினால் காதில் ஒலி, பிறகு அக்குளில் மின் அதிர்ச்சி. பயன்படவில்லை. செய்ய நினைத்த வேலைக்கு இடைஞ்சலானால் நோயாளிகள் இணைப்பைக் கழற்றிவிட்டு வேலையை முடித்தார்கள். வலி துன்பமாகவும் நம் கைக்கு எட்டாமலும் இருந்தால்தான் காக்கும் என்ற முடிவுக்கு வந்த அவர், 1993இல் வெளியான தம் புத்தகத்தில் வலியை யாரும் விரும்பாத வரம் என்றார். படைத்தவனின் அக்கறைக்கு அவருக்கு அதுவே சாட்சி.

அவர் பார்த்த நோயாளிகளிடமிருந்து அந்த முடிவுக்குத்தான் வர முடியும். ஃபாப்ரி நோயாளிகளை வைத்துப் பார்த்தால் வாதம் தடுமாறுகிறது. இங்கே பாதத்தில் நெருப்பு இல்லை, ஆணி இல்லை. எதையும் விட்டு விலகச் சொல்லாத எச்சரிக்கை. முதுகெலும்பருகே ஒரு செல் கொழுப்பில் மூழ்குவதை, பழுதில்லாத உள்ளங்கால் எரிவதாக மூளை வாசிக்கிறது. செய்தி போகிறது, ஆனால் முகவரி தப்பு, விஷயமும் தப்பு. பிராண்ட் பக்கம் நின்று ஒன்று சொல்லலாம்: இருபது முப்பது ஆண்டு கழித்துச் சிறுநீரகமும் இதயமும் பழுதாகப் போவதை, பக்கவாதம் வரப் போவதை இந்தக் குழந்தைப் பருவ வலி முன்கூட்டியே சொல்கிறது. சரிதான். 2001க்கு முன் அந்த முன்னறிவிப்பைக் கேட்டு யார் என்ன செய்திருக்க முடியும்? மாற்று நொதி அந்த ஆண்டுதான் ஐரோப்பாவில் விற்பனைக்கு அனுமதி பெற்றது. அதுவரை எத்தனையோ தலைமுறைக் குழந்தைகளுக்கு அந்த வரம் வெறும் எரிச்சல்.

இன்னொன்று, இதைவிடக் கசப்பானது. வயது ஏற ஏறச் சிலருக்கு வலி தானே குறைந்துவிடும். குடும்பம் வேண்டிக்கொண்ட கோயிலுக்குப் போய் மொட்டை போட்டு நேர்த்திக்கடன் செலுத்தக்கூட வாய்ப்புண்டு. உள்ளே நடந்திருப்பது, வலியைச் சுமக்க மிச்சமிருந்த இழைகளும் அழிந்துபோனது. சூடும் குளிரும் சரியாகத் தெரியாத பாதம், பிராண்ட் வேலூரில் பார்த்த பாதங்களுக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது.

மரபணு தெரிந்தபின் பாவப் பேச்சு ஓய்ந்துவிடும் என்று எதிர்பார்த்தவர்கள் உண்டு. ஓயவில்லை, உடை மாற்றிக்கொண்டது. ஃபாப்ரி உள்ள தந்தை தன் ஒரே எக்ஸை மகள்கள் எல்லாருக்கும் தருகிறார், மகன் ஒருவனுக்கும் தருவதில்லை. தாயாக இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. மரபணு ஆலோசகர் காகிதத்தில் ஆண்களுக்குச் சதுரமும் பெண்களுக்கு வட்டமும் போட்டுக் குடும்ப மரத்தை வரைந்து, நோயுள்ளவற்றைக் கறுப்பாக நிரப்புவார். ஒருவருக்கு நோய் உறுதியானால் அவர் உறவில் சராசரியாக இன்னும் ஐந்து பேருக்கு இருப்பதாக ஓர் அமெரிக்க ஆய்வு சொன்னது. நாற்பதில் சிறுநீரகம் கெட்டு இறந்த தாத்தா, இளவயதில் வாதம் வந்து விழுந்த மாமா எல்லாரும் அந்தக் காகிதத்தில் நிரம்புகிறார்கள். மகன் முகத்தைப் பார்க்காமல் "என்னாலதான்" என்கிறாள் தாய். அவள் தேர்ந்து செய்தது ஏதுமில்லை. அவளுக்கும் அது தெரியும். குற்றம் இல்லாத இடத்திலும் பொறுப்பு தேடுவது, திருவதிகையில் அப்பர் தேடியதுபோல, மனிதர்களுக்கு விட முடியாத வழக்கம். பாவத்தைக் கழுவ ஒரு குளமாவது உண்டு. மரபணுவுக்கு அதுவும் கிடையாது.

யார் சொல் செல்லும் என்ற கேள்வி மருந்துக் கட்டத்திலும் தீரவில்லை, சொல்லப் போனால் அங்கேதான் வெட்டவெளிச்சமானது. 2001இல் இரண்டு நொதி மருந்துகளின் சோதனை முடிவுகள் வெளிவந்தன. ஒன்றில் 26 ஆண்கள். வலி மாத்திரைகளை நிறுத்தவைத்து, வலி எவ்வளவு என்று பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் அவர்களையே சொல்லச் சொன்னார்கள். மருந்து பெற்றவர்களின் சராசரி 6.2இலிருந்து 4.3க்கு இறங்கியது. மருந்தின் வெற்றியை நோயாளியின் வாய்ச்சொல்லின் மேலேயே கட்டிய சோதனை. மற்றதில் 58 பேர். அங்கே சிறுநீரகத்திலிருந்து துணுக்கு எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தார்கள்: மருந்து பெற்ற 29 பேரில் 20 பேருக்கு நுண்குழாய்ச் சுவரில் கொழுப்பு கரைந்திருந்தது, போலி மருந்து பெற்ற 29 பேரில் ஒருவருக்கும் இல்லை. ஐரோப்பா இரண்டையும் ஏற்றது. அமெரிக்க மருந்து ஆணையம் 2003இல் செல்லைக் காட்டிய மருந்துக்கு அனுமதி தந்தது. சொல்லைக் காட்டியதற்குத் தரவில்லை.

ஆணையத்தைத் திட்டுவது எளிது. ஆனால் செல்லைக் காட்டிய அதே சோதனையில் வலியையும் கேட்டிருந்தார்கள்: மருந்து பெற்றவர்களுக்கும் குறைந்திருந்தது, வெறும் போலி மருந்து பெற்றவர்களுக்கும் குறைந்திருந்தது. வலி ஏறி இறங்கும் இயல்புள்ளது. மோசமான நேரத்தில் சோதனையில் சேர்ந்தவருக்கு அது தானாகவும் இறங்கியிருக்கலாம். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மருத்துவமனைப் படுக்கையில் படுக்கவைத்து, ஆண்டுக்கணக்கில் யாரும் கேட்காத கேள்வியைக் கேட்டு, பதிலை எழுதிக்கொண்டதிலும் ஏதோ இறங்கியிருக்கலாம். வாத்ஸ்யாயனருக்கு இதில் முரண் எதுவும் தெரிந்திருக்காது. குறைந்தது என்று சொன்னவர்கள் பொய் சொல்லவில்லை. தங்களுக்குக் குறைந்ததை அவர்கள் நேரில் அறிந்தவர்கள். ஏன் குறைந்தது என்பதைத்தான் அவர்களால் சொல்ல முடியாது. வலியின் இருப்புக்கு நோயாளி ஆப்தர், வலியின் காரணத்துக்கு இல்லை. நம்பாத டாக்டரும் பாவம் தேடும் பாட்டியும் இந்த இரண்டையும் தலைகீழாக மாற்றிவைத்திருந்தார்கள்.

ஜெர்மனியின் வூர்ஸ்பர்க் பல்கலைக்கழக மருத்துவர்கள் பின்னாளில் ஃபாப்ரி வலிக்கென்றே ஒரு வினாத்தாள் தயாரித்தார்கள். பொதுவான வலி வினாத்தாள்கள் கேட்கத் தெரியாத கேள்விகள் அதில் இருக்கின்றன. குழந்தைகளுக்கும் தனியே ஒன்று வந்துவிட்டது. நோயின் பெயர் ஏற்கெனவே தெரிந்தவர்களுக்குத்தான் அவை கொடுக்கப்படுகின்றன.